பன்றித் தீவன நொதிக்கு என்ன பேர்? "வளர்ச்சி நொதி" மட்டும் வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம்.

மூணு நாளா இந்த இழையைப் படிச்சுட்டு வரேன். தானியத்துல கட்டிக் கிடக்கற பாஸ்பரஸைப் பிரிச்சு விடற பைட்டேஸுக்கும், அதோட பன்றித் தீவனத்துல கலக்கற மத்த என்சைம்களுக்கும் பொதுவா ஒரு தமிழ்ப்பேர் வேணும்னு அக்கா கேட்டிருந்தாங்க. இதுவரைக்கும் வந்திருக்கறது வளர்ச்சி நொதி, துணை நொதி, செரிமான நொதி, தீவன நொதி. இதுல நிறைய பேர் சரின்னு சொன்னது வளர்ச்சி நொதிக்குத்தான். நான் வெண்பன்றி வளர்க்கறவங்களுக்குத் தீவனக் கணக்குப் போட்டுக் குடுக்கற வேலையில இருக்கேன், அந்த ஒரு பேர் மட்டும் வேண்டாம்னு கேட்டுக்கறேன். ஏன்னு கொஞ்சம் நீளமாத்தான் சொல்ல வேண்டியிருக்கு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பண்ணையாளர், ஹோட்டல் மிச்சத்தோட தவிடும் மக்காச்சோளக் குருணையும் போட்டு வளர்க்கறவர். கடையில "நொதி, குட்டி சீக்கிரம் எடை கட்டும்"னு சொல்லிக் குடுத்த பாக்கெட்டை வாங்கிட்டுப் போயி, நொதின்னா நொதிக்க வைக்கணும் போலன்னு நினைச்சு, கொதிக்கக் கொதிக்க இறக்கின டிரம்முல அதைக் கொட்டி மூடி வச்சு, விடிஞ்சதும் எடுத்துப் போட்டிருக்கார். ரெண்டு மாசம் இப்படியே. எடையில ஒரு மாற்றமும் இல்ல. என்கிட்ட வந்து "ஏமாத்திட்டாங்க சார்"னார். அவர் மேல எந்தத் தப்பும் இல்லங்க. பேரைக் கேட்டதும் அவருக்குத் தோணினது ரெண்டு, ஒண்ணு இது புளிக்க வைக்கற பொருள், இன்னொண்ணு இது வளர்த்துவிடற மருந்து. ரெண்டுமே இல்ல அது. என்சைம்ங்கறது ஒரு புரதம், கொதிக்கற டிரம்முல விழுந்தா செத்துடும். தீவன ஆலையில குச்சித்தீவனம் பிழியறப்ப நீராவி 80, 85 டிகிரி போனாலே நிறைய அழிஞ்சுடும், அதனாலதான் மேல்பூச்சு போட்ட துகளா விக்கறாங்க, இல்லன்னா குச்சி ஆறினதுக்கு அப்புறம் திரவமாத் தெளிக்கறாங்க.

சரி அது என்னதான் செய்யுது? தானியம் தன்னோட பாஸ்பரஸை விதையில சேமிச்சு வைக்கறது பைட்டிக் அமிலமா. ஒரு வளையம், அதுல ஆறு பாஸ்பேட், ஆறையும் கட்டி வச்ச மூட்டை மாதிரி. தானியத்துல இருக்கற பாஸ்பரஸ்ல மூணுல ரெண்டு பங்கு இந்த மூட்டைக்குள்ளதான். மக்காச்சோளத்துல மொத்த பாஸ்பரஸே கால் சதவீதம் சொச்சம்தான், அரிசித் தவிட்டுலயோ ஒன்றரை சதவீதத்துக்கு மேல, ஆனா அதுல பெரும்பங்கு கட்டுக்குள்ள. மாட்டுக்குக் கவலை இல்ல, அதோட அசையூண் வயித்துல இருக்கற நுண்ணுயிரிகள் கட்டைப் பிரிச்சுடும். பன்றி ஒத்தை வயிறு, அதுக்குப் பிரிக்கத் தேவையான அளவு பைட்டேஸ் கிடையாது. அதனால தவிட்டைத் தின்னுட்டு பாஸ்பரஸை அப்படியே சாணியில போட்டுடும், நாம மேல இருந்து டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட், பாஸ்பரஸுக்காகச் சேர்க்கற உப்பு) வாங்கிக் கொட்டறோம். இதுல இன்னொரு தொல்லை, அந்த மூட்டை சும்மா இருக்காது, போற வழியில கால்சியம், துத்தநாகம், கொஞ்சம் புரதம் எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கும்.

இந்த பைட்டேஸை 1907ல ஜப்பான்ல சுசுகியும் அவர் கூட இருந்தவங்களும் முதல்ல கண்டுபிடிச்சது எதுலன்னு நினைக்கறீங்க, அரிசித் தவிட்டுலதான். பூட்டும் சாவியும் ஒரே தவிட்டுல. ஆனா அரிசி, மக்காச்சோளம் ரெண்டுலயும் அந்தச் சாவி ரொம்பக் கொஞ்சம், கோதுமைத் தவிட்டுல தாராளமா இருக்கும். தீவனத்துக்குன்னு பூஞ்சையில இருந்து எடுத்து விக்க ஆரம்பிச்சது 1991, நெதர்லாந்துல.

இப்ப வளர்ச்சிக்கு வரேன், விவாதமே இதுலதான் நிக்குது. கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் (நொதியோட வேலைத்திறனை அளக்கற அலகு) பைட்டேஸ் போட்டா டன்னுக்கு அஞ்சாறு கிலோ டிசிபி குறைக்கலாம், இது கணக்குல நிக்கற விஷயம். அதே 500 யூனிட்டை டிசிபி முழுசா இருக்கற தீவனத்துல சும்மா மேல தூவினா எடையில பெருசா ஒண்ணும் தெரியாது. டிசிபி குறைவா இருக்கற தீவனத்துல போட்டீங்கன்னா பசி கூடும், எடை கூடும், எலும்பு கெட்டிப்படும், கால் வாங்கிப் போற குட்டி குறையும், ஏன்னா அங்கே ஒரு குறை இருந்தது, அது நிரம்பிச்சு. மூணு மடங்கு, அதுக்கும் மேல போட்டு அந்த மூட்டையையே கிட்டத்தட்ட இல்லாம ஆக்கினா டிசிபி போதுமானதா இருந்தும் எடை கூடின சோதனைகளும் உண்டு, கூடாததும் உண்டு. சுண்ணாம்புத் தூளை அளவுக்கு மீறிப் போட்டா நொதி வேலையே மந்தமாயிடும். நாரை உடைக்கற சைலனேஸ் கதையும் இப்படித்தான், கோதுமை போட்ட கோழிக்குப் பலன் நல்லாவே தெரியும், பன்றியில செரிமானம் கூடறதைக் காட்டினாலும் எடை சில சமயம் கூடும் சில சமயம் கூடாது. இப்படிப்பட்ட பொருளுக்கு "வளர்ச்சி நொதி"ன்னு பேர் வச்சா, அந்தப் பேரே பொய் வாக்குறுதி ஆயிடும். கடன் வாங்கிக் குட்டி எடுக்கறவங்க வாங்கற பொருள் இது.

கனடாவுல கெல்ஃப் பல்கலைக்கழகத்துல எச்சில்லயே பைட்டேஸ் சுரக்கற பன்றியை மரபணு மாத்தி உருவாக்கினாங்க, 1999ல பிறந்தது, 2012ல திட்டத்தை நிறுத்திட்டாங்க. அதுக்கு அவங்க வச்ச பேர் என்விரோபிக், சுற்றுச்சூழலைச் சொல்ற பேர். சாணியில பாஸ்பரஸ் குறையும், குளத்துல பாசி படராதுங்கறதை முன்னால வச்சாங்க, வளர்ச்சியை வைக்கல. அந்த நிதானம் நமக்கும் வேணும்.

மத்த பேர்கள்: துணை நொதி ஆகாது, அது கோஎன்சைமுக்குப் பாடப்புத்தகத்துல போயாச்சு. செரிமான நொதின்னா பன்றியோட உடம்பே சுரக்கறதுன்னு அர்த்தம் வரும். தீவன நொதி பரவாயில்ல, ஆனா "நொதித்த தீவனம்"னு தனியா ஒண்ணு இருக்கு, தண்ணியில ஊறவச்சுப் புளிக்க வச்சுக் குடுக்கறது, ரெண்டும் காதுல ஒண்ணா விழும். நொதிங்கற சொல் மேல எனக்குக் குறை இல்ல, என்சைம்ங்கற பேரை 1877ல ஜெர்மன் விஞ்ஞானி கூனே வச்சப்ப அவரும் கிரேக்கத்துல புளிப்புமாவு, ஈஸ்ட்ங்கற பொருள்ல இருந்துதான் எடுத்தார், அந்த அளவுக்கு நம்ம சொல் பொருத்தமானது. ஆய்வகத்துக்கு ரொம்பச் சரி. டிரம் பக்கத்துல நிக்கறவருக்குத்தான் இடிக்குது.

என் யோசனை அவிழ்நொதி. கட்டிக் கிடக்கற சத்தை அவிழ்க்கறது, புதுசா சத்து சேர்க்கறதில்ல, வளர்க்கறதும் இல்ல. வயக்காட்டுல பாஸ்பரஸுக்கு மணிச்சத்துன்னு பேர் ஏற்கெனவே இருக்கு, தழைச்சத்து மணிச்சத்து சாம்பல்சத்துன்னு உரக்கடையில எல்லாரும் சொல்றதுதான். அப்ப பைட்டேஸ் மணிச்சத்து அவிழ்நொதி, சைலனேஸ் மாதிரி நாரைப் பிரிக்கறதெல்லாம் நார் அவிழ்நொதி. அவிழ்னா பழைய தமிழ்ல சோத்துப் பருக்கைன்னும் பொருள் உண்டு, அகராதியில பார்த்தப்ப மனசுக்கு ரொம்ப நிறைவா இருந்தது.

உங்க கருத்தைச் சொல்லுங்க.

~~~

அண்ணை, உங்கட மடலை ரெண்டு தரம் வாசிச்சனான். வளர்ச்சி எண்ட சொல் வேண்டாம் எண்டுறதுல நான் உங்களோடதான். ஆனா மூண்டு இடத்தில எனக்கு உதைக்குது.

ஒண்டு, அவிழ்நொதி எண்டால் அவிழுற நொதி எண்டும் விளங்கலாம், தானே கழண்டு விழுற மாதிரி. அவிழ்தல் வேற, அவிழ்த்தல் வேற. செய்யிற பொருளுக்கு எங்களிட்ட இகர விகுதி கிடக்குதுதானே, இயக்கி, ஏற்பி மாதிரி. அவிழ்ப்பி எண்டு வைச்சால் என்ன? ரெண்டாவது, நாங்கள் இங்க இலங்கையில நொதியம் எண்டு படிச்சனாங்கள், நீங்கள் நொதி எண்டுறீங்கள். அவிழ்ப்பி எண்டால் அந்தச் சண்டையே வராது, உங்கட டிரம் பிரச்சினையும் போயிடும். மூண்டாவது, மணிச்சத்து எண்டு எங்கட பக்கம் சொல்லுறேல்லை, பொசுபரசு எண்டுதான் புத்தகத்தில. நெல்மணி விளங்கும், மணிச்சத்து எண்டால் ஆக்கள் யோசிப்பினம்.

இன்னொண்டும் கேக்க வேணும். பால் மறந்த குட்டிக்கு அமைலேசும் புரோட்டியேசும் குடுக்கினமே, அதுவும் அவிழ்ப்பியோ?

~~~

தம்பி, ரொம்ப நன்றி. வினைத்தொகையில அந்த இடறல் எனக்குப் படவே இல்ல, அவிழ்ப்பிதான் சரி. நொதிங்கற சொல்லை விளக்கத்துல வச்சுக்கலாம், பேர்ல வேண்டாம்.

மணிச்சத்தைச் சுருக்கி மணி அவிழ்ப்பின்னே வச்சுட்டா? இங்கே மணிச்சத்தை நினைப்பாங்க, உங்க பக்கம் நெல்மணியை நினைப்பாங்க, ரெண்டு வழியில போனாலும் தானியத்துக்குள்ள கட்டிக் கிடக்கறதைத் திறக்கறதுன்னு ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருது. ஆய்வுக் கட்டுரைக்கும் தாங்குதான்னு பார்த்தேன். பைட்டேஸ்ல ரெண்டு வகை இருக்கு, வளையத்துல மூணாவது பாஸ்பேட்டுல இருந்து பிரிக்க ஆரம்பிக்கறது, ஆறாவதுல இருந்து ஆரம்பிக்கறது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையோடது முதல் வகை, ஈ.கோலை பாக்டீரியாவோடது ரெண்டாவது. 3-மணி அவிழ்ப்பி, 6-மணி அவிழ்ப்பின்னு எழுதிப் பார்த்தேன், உறுத்தல.

குட்டிக்குக் குடுக்கற அமைலேஸ், புரோட்டியேஸ் பத்திக் கேட்டது நல்ல கேள்வி, இதுலதான் எனக்கே தெளிவு வந்தது. மாவையும் புரதத்தையும் செரிக்கற நொதி பன்றிக்குச் சொந்தமாவே உண்டு. நாலு வாரத்துல தாய்கிட்ட இருந்து பிரிச்சப்ப குட்டியோட வயிறு பாலுக்குப் பழகினதா இருக்கு, அமிலமும் போதாது, அமைலேஸ் மெல்ல மெல்லத்தான் ஏறும், அந்த இடைவெளியை நிரப்பத்தான் வெளியில இருந்து குடுக்கறது. பலன் ஒரே சீரா வரலங்கறது வேற விஷயம். அதுக்கு அவிழ்ப்பின்னு பேர் வச்சா பொருந்தாது, பன்றியால என்னைக்குமே சரியாப் பிரிக்க முடியாத பைட்டிக் அமிலத்துக்கும் நாருக்கும் மட்டும் அந்தப் பேரை ஒதுக்கி வைக்கலாம். குட்டிக்குப் போதாததை ஈடு கட்டறதுக்கு ஈடுநொதி. உங்க பக்கம் ஈடுநொதியம். அங்கே நொதி இருந்தாலும் பரவாயில்ல, அது நிஜமாவே உடம்பு சுரக்கறதுக்கு மாத்தா குடுக்கறது.

இப்படிப் பிரிச்சா விவசாயிக்கும் உபயோகம் இருக்கு. ஈடுநொதி குட்டிப் பருவத்துக்கு மட்டும்தான், அவிழ்ப்பி விக்கற நாள் வரைக்கும். பேரை வச்சே எதை எப்ப நிறுத்தலாம்னு சொல்லிக் குடுக்கலாம்.

அடுத்த மாசப் பயிற்சிக்கு நான் அடிக்கற தாள்ல இதையே போடப் போறேன், "மணி அவிழ்ப்பி (பைட்டேஸ்): ஆறின தீவனத்துல மட்டும் கலக்கவும், கலந்தா டிசிபியைக் குறைக்கவும்"னு. யாருக்காவது மறுப்பு இருந்தா அச்சுக்குப் போறதுக்குள்ள எழுதிடுங்க. நார் அவிழ்ப்பியில சைலனேஸையும் பார்லிக்குப் போடற பீட்டா குளுக்கனேஸையும் எப்படித் தனித்தனியாக் காட்டறதுன்னு எனக்கு இன்னும் வழி பிடிபடல, அக்காவுக்கு ஏதாவது தோணினா சொல்லணும்.