சுங்குடி சேலைக்கு வெப்சைட், வெளிய குடுத்து பண்ண போறோம், எதுல கவனமா இருக்கணும்?

சின்னாளபட்டி_பொண்ணு

வணக்கம். எங்க வீட்டுல சின்னாளபட்டில சுங்குடி சேலை வியாபாரம், அப்பா 26 வருஷமா பண்றாரு. முன்னாடி எல்லாம் கடைக்காரங்களுக்கு மொத்தமா போடுறதோட சரி, லாக்டவுன்ல ஆர்டர் நின்னதும் நான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட ஆரம்பிச்சேன், அப்படியே இன்ஸ்டாகிராம்னு போய் இப்ப ஒரு நாளைக்கு 15, 20 சேலை கூரியர்ல போகுது. ஆனா ராத்திரி 11 மணி வரைக்கும் ஃபோன் கையிலேயே தான். இந்த கலர் இருக்கா, ப்ளவுஸ் சேர்ந்து வருமா, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அட்ரஸ், அதுல பின்கோடு இருக்காது திரும்ப கேக்கணும். போன வாரம் ஒரே சேலைக்கு ரெண்டு பேரு பணம் போட்டுட்டாங்க, ஒருத்தருக்கு திருப்பி அனுப்பி மன்னிப்பு கேட்டு ரொம்ப சங்கடமா போச்சு.

அதான் வெப்சைட் பண்ணிடலாம்னு மூணு இடத்துல விலை கேட்டேன். திண்டுக்கல்ல ஒரு தம்பி 18,000, மதுரைல ஒரு சின்ன கம்பெனி 60,000, கோயம்புத்தூர் ஏஜென்சி 1,40,000. மூணு பேரு சொல்றதும் கேக்க ஒரே மாதிரி தான் இருக்கு, அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? திண்டுக்கல் தம்பி முழு பணமும் முதல்லயே கேக்குறாரு, டொமைன் (வெப்சைட்டோட அட்ரஸ்) எல்லாம் நானே வாங்கிக்கறேன் அக்கா நீங்க ஒண்ணும் அலைய வேணாம்ங்கறாரு. அப்பாவுக்கு அவரை பிடிச்சு போச்சு. வெளிய குடுத்து பண்ணவங்க கொஞ்சம் சொல்லுங்க.

கோவை_பம்ப்ஸ்பேர்

தங்கச்சி, மத்தது எப்படியோ போகட்டும், டொமைனை மட்டும் அவர் பேர்ல வாங்க விடாதீங்க. நான் பட்டிருக்கேன்.

2018ல எங்களுக்கு ஒருத்தர் சைட் பண்ணி குடுத்தாரு, நல்ல பையன், வேலையும் நல்லா தான் பண்ணாரு. டொமைன் அவரோட அக்கவுண்ட்ல. வருஷா வருஷம் பணம் கேப்பாரு, குடுப்போம். அப்புறம் அவரு வேலை கிடைச்சு வெளிநாடு போயிட்டாரு, நம்பர் மாறிடுச்சு, ரினியூவல் மெயில் எல்லாம் அவரோட பழைய மெயிலுக்கு போயிருக்கு, எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரு திங்கக்கிழமை காலைல சைட் வரல. அதைவிட மோசம், அந்த டொமைன்ல தான் எங்க ஆபீஸ் மெயில் எல்லாம் இருந்துச்சு, கொட்டேஷன் கேட்டு அனுப்புனவங்களுக்கு எல்லாம் மெயில் திரும்பி போயிருக்கு. டொமைன் கம்பெனிக்கு போன் பண்ணா உங்க பேரே ரெக்கார்டுல இல்லீங்களேன்னுட்டாங்க. பில்லு இருக்கு, பணம் கட்டுன ஸ்டேட்மெண்ட் இருக்கு, எதை காட்டியும் பிரயோஜனம் இல்ல. டாட்காம் காலாவதி ஆனா கொஞ்ச நாள் கழிச்சு ரிடெம்ப்ஷன்னு 30 நாள் வரும், அதுல கூட யாரு பேர்ல இருக்கோ அவங்க தான் கூடுதல் பணம் கட்டி மீட்க முடியும். அவரை தேடி பிடிக்கறதுக்குள்ள அதுவும் முடிஞ்சு வேற யாரோ எடுத்துட்டாங்க, இப்ப அந்த அட்ரஸ்ல ரம்மி விளம்பரம் ஓடுது.

அட்டைப்பெட்டி 3,000 அந்த அட்ரஸ் அச்சடிச்சு குடோன்ல இருந்துச்சு. நானும் என் வீட்டுக்காரம்மாவும் உக்காந்து ஒவ்வொரு பெட்டியிலயும் ஸ்டிக்கர் ஒட்டுனோம். வருஷத்துக்கு ஆயிரம் ரூபா சமாச்சாரம், உங்க கார்டு, உங்க மெயில், உங்க ஃபோன் நம்பர் போட்டு நீங்களே வாங்கிடுங்க.

மதுரை_கோடர்

நான் 9 வருஷமா இதே தொழில்ல இருக்கேன், அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. ஹோஸ்டிங் (சைட்டை வெச்சிருக்கற வாடகை சர்வர்), கூகுள் மேப்ல கடை பக்கம், சர்ச் கன்சோல் (கூகுள் தேடல்ல சைட் எப்படி வருதுன்னு பாக்குறது) எல்லாத்துக்கும் இதே தான், உங்க மெயில்ல ஆரம்பிச்சு அவருக்கு உள்ள வர பர்மிஷன் மட்டும் குடுங்க, வேலை முடிஞ்சதும் எடுத்துடலாம்.

விலை ஏன் வித்தியாசம்னா, 18,000க்கு பெரும்பாலும் வேர்ட்பிரஸ்னு சைட் கட்டுற சாஃப்ட்வேர்ல, கடை நடத்த வூகாமர்ஸ்ங்கற ப்ளகின் (கூடுதல் வசதி சேக்கறது) போட்டு, ஒரு ரெடிமேட் தீம் (சைட்டோட தோற்றம்) மாட்டி குடுப்பாங்க. அது தப்பே கிடையாது, உங்க அளவுக்கு அது போதும், 1,40,000 தேவையே இல்ல. ஆனா தீம், ப்ளகின் எல்லாம் காசு குடுத்து வாங்குனதான்னு கேளுங்க. சில பேரு திருட்டு காப்பி போடுவாங்க, அதுல அப்டேட் வராது, உள்ளயே வைரஸ் கோட் வெச்சிருப்பான், ஆறு மாசம் கழிச்சு உங்க சைட்டை திறந்தா வேற எங்கயோ போகும். அப்புறம் எத்தனை சேலை அவர் ஏத்தி குடுப்பாரு, ஜிஎஸ்டி சேர்த்து சொன்ன விலையா, முடிச்சப்புறம் எத்தனை மாசம் பாத்துப்பாரு, இதை எல்லாம் மூணு பேர் கிட்டயும் ஒரே பேப்பர்ல எழுதி குடுத்து விலை கேளுங்க, அப்ப தான் ஒப்பிட முடியும்.

உங்க கேஸ்ல நான் முக்கியமா நினைக்கறது ஸ்டாக். மெழுகு அச்சு சேலைன்னா ஒரே டிசைன்ல பத்து இருபது இருக்கும், கையால முடிச்சு போட்டு சாயம் ஏத்துனதுன்னா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. அதை ஸ்டாக் 1ன்னு போடணும். வூகாமர்ஸ்ல பணம் கட்டாத ஆர்டருக்கு ஸ்டாக்கை பிடிச்சு வைக்கற நேரம்னு ஒரு செட்டிங் இருக்கு, டீஃபால்ட்டா 60 நிமிஷம், நீங்க 15 நிமிஷம் ஆக்க சொல்லுங்க. இன்ஸ்டால கேக்குறவங்களுக்கும் ஜிபே நம்பர் குடுக்காம சைட் லிங்க் அனுப்புங்க, இல்லாட்டி வெப்சைட் வந்தப்புறமும் ரெண்டு பேரு பணம் போடறது நிக்காது.

போட்டோவும். ஃபோன்ல எடுத்தது ஒண்ணு 4, 5 எம்பி இருக்கும், அப்படியே ஏத்துனா 40 சேலை இருக்குற பக்கம் யாருக்கும் திறக்காது. 200 கேபிக்குள்ள சுருக்கி ஏத்தணும், ஏத்துறவர் இதை பண்றாரான்னு பாருங்க. கலர் மாறி தெரிஞ்சா சேலை திரும்பி வரும், அதனால டியூப்லைட்ல எடுக்காதீங்க, காலை வெயில் நேரா படாத இடத்துல ஒரே இடத்துல எடுங்க.

சின்னாளபட்டி_பொண்ணு

ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். அந்த அட்டைப்பெட்டி விஷயத்தை அப்பாகிட்ட படிச்சு காட்டுனேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. ஆனா நம்ம ஊர் பக்கத்து பையன், அவனுக்கே குடுப்போம்ங்கறாரு. அவருக்கே குடுத்து எங்களுக்கும் பாதுகாப்பா இருக்க என்ன எழுதி வாங்கணும்?

ஆடிட்டர்_ஆபீஸ்_கார்த்தி

மேடம், தாராளமா அவருக்கே குடுங்க, எழுத்துல வெச்சுக்கோங்க அவ்வளவு தான். நிறைய பேருக்கு இது தெரியறதில்ல, 1957 காப்பிரைட் சட்டப்படி உங்ககிட்ட சம்பளத்துக்கு இருக்குறவர் வேலையா செஞ்சதுன்னா உரிமை உங்களுக்கு, வெளி ஆள் கான்ட்ராக்ட்ல செஞ்ச கோட், டிசைன்னா பொதுவா பணம் குடுத்தாலும் உரிமை அவருக்கு தான், அவர் எழுதி கையெழுத்து போட்டு மாத்தி குடுத்தா தான் உங்களுக்கு வரும். காலம் எழுதலைன்னா 5 வருஷம், இடம் எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு சட்டமே எடுத்துக்கும். அதனால நிரந்தரமா, எல்லா நாட்டுக்கும்னு ஒரு வரி சேருங்க. சிங்கப்பூர், மலேசியாவுக்கு விக்கறீங்கன்னா இன்னும் முக்கியம்.

பணத்தை மூணா பிரிங்க, ஆரம்பிக்க 30 சதவீதம், நீங்க பாத்து ஓகே சொன்னதும் 40, எல்லா பாஸ்வேர்டும் பேக்கப்பும் கைக்கு வந்தப்புறம் மீதி 30. பேமெண்ட் கேட்வே (சைட்ல பணம் வாங்கி உங்க அக்கவுண்ட்ல போடற சேவை) கண்டிப்பா அப்பாவோட பேன் கார்டு, கடை கரண்ட் அக்கவுண்ட்ல தான் எடுக்கணும், அவர் அக்கவுண்ட்ல வந்து அப்புறம் அனுப்பறேன்னா ஒத்துக்காதீங்க. கேட்வேல பொதுவா 2 சதவீதம் பிடிப்பாங்க, அந்த பிடித்தத்து மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 900 ரூபா சேலைக்கு 21 ரூபா 24 காசு போகும், விலை வைக்கும்போதே கணக்குல எடுங்க. ரிட்டர்ன், ரீஃபண்ட், பிரைவசி பக்கங்க இல்லாம கேட்வே அப்ரூவல் வராது. 2020 இ-காமர்ஸ் விதிப்படி கடை பேரு, அட்ரஸ், புகார் கேக்க ஒரு ஆள் பேரும் நம்பரும் சைட்ல இருக்கணும், புகார் வந்தா 48 மணி நேரத்துல கிடைச்சதுன்னு பதில், ஒரு மாசத்துல தீர்வு. அங்கயும் உங்க பேரு தான் போடணும்.

சின்னாளபட்டி_பொண்ணு

நேத்து ராத்திரியே டொமைன் வாங்கிட்டேன், அப்பா பேர்ல, என் மெயில், 3 வருஷத்துக்கு. தம்பிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், முதல்ல கொஞ்சம் முகம் வாடுச்சு, அப்புறம் சரிக்கா எழுதியே குடுக்கறேன்னுட்டாரு. தீம் காசு குடுத்து வாங்கணும்னா 5,000 கூட ஆகும்னாரு, அது பரவால்ல. மூணு தவணைக்கும் ஒத்துக்கிட்டாரு.

அப்பா இன்னைக்கு காலைல மொட்டைமாடில தண்ணி டேங்க் நிழல்ல கயிறு கட்டி வெள்ளை வேட்டி தொங்க விட்டிருக்காரு, அது முன்னாடி தான் எல்லா சேலையும் எடுக்கணுமாம். முதல்ல கைமுடிச்சு 32 சேலை எடுத்துட்டு வரேன்.