ஓட்டு வீட்டுக்கு அட்மொஸ் சவுண்ட்பார் சரிவருமா?

மாங்குளத்தான்:
55 அங்குல ரீவி வாங்கியாச்சு, இனி நல்ல சவுண்ட்பார் ஒன்று வேண்டும். தலைக்கு மேலேயும் சத்தம் கேட்கிற மாதிரிச் செய்யும் டொல்பி அட்மொஸ் வகையில் சாம்சுங் கியூ990டி, சோனோஸ் ஆர்க், இரண்டில் எது? ஹோல் 12க்கு 15 அடி, ஓட்டுக்கூரை, சீலிங் அடிக்கவில்லை.

வவுனியா வாசி:
சீலிங் இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. அட்மொஸ் பாரில் மேலே பார்த்தபடி இருக்கும் ஸ்பீக்கர்களின் சத்தம் தட்டையான சீலிங்கில் பட்டுத் திரும்பினால்தான் தலைக்கு மேலே கேட்கிற மாதிரி இருக்கும், சரிந்த ஓட்டில் பட்டால் எங்கேயோ சிதறிப் போய்விடும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், மழை பெய்தால் மட்டும் மேலே சத்தம் நன்றாகக் கேட்கும்!

கிளிநொச்சிப் பெடியன்:
கியூ990டியோடு சப்வூபரும் (அடித்தொனி ஸ்பீக்கர்) பின் ஸ்பீக்கர்களும் சேர்ந்தே வரும், மொத்தம் 11.1.4, அதாவது சுற்றிவர 11 சனல், சப்வூபர் 1, மேலே பார்த்தபடி 4. சோனோஸ் தனி பார்தான், மற்றதெல்லாம் வேறாக வாங்க வேண்டும். அதுசரி, ரீவியில் இஏஆர்சி (ரீவியின் சத்தத்தை பாருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி வசதியின் புது வடிவம்) இருக்கா? ஒப்டிகல் வயரில் அட்மொஸ் வராது.

மாங்குளத்தான்:
வெறும் ஏஆர்சி என்றுதான் போட்டிருக்கு.

கிளிநொச்சிப் பெடியன்:
ரீவி அனுப்புமென்றால் ஏஆர்சியிலும் நெட்பிளிக்ஸ் அட்மொஸ் வரும், புளூரே தட்டில் இருக்கும் ட்ரூஎச்டி என்ற தரம் குறையாத ஒலியை ரீவி வழியாக அனுப்பத்தான் இஏஆர்சி தேவை. முதலில் சீலிங்கை அடியுங்கோ. அப்புறம், ஐப்பசி இடிக்குப் பிளக்கைக் கழற்றிவிடுங்கோ.