ஆர்சி கார் இடப்பக்கமே இழுக்கிறது, எங்கே சரிசெய்வது?

கேள்வி:
என்னுடையது ரிமோட்டில் ஓடும் 1/10 அளவு ஆன்-ரோடு கார், நான்கு சக்கரத்துக்கும் டிரைவ் உண்டு, கிட்டாக வாங்கி நானே பூட்டியது. நேராக விட்டால் பத்தடி போவதற்குள் இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. ரிமோட்டில் டிரிம்மை (ஸ்டீரிங்கின் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) கடைசி வரை வலப்பக்கம் தள்ளினால் நேராக ஓடுகிறது, ஆனால் வலது வளைவில் போதுமான அளவு திரும்ப மாட்டேன் என்கிறது. டை ராடை (முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பி) நீட்டிப் பார்க்கலாமா?

பதில் 1:
இப்போதைக்கு டை ராடைத் தொடாதீர்கள். சர்வோ (ஸ்டீரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்) நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். டிரிம், சப்-டிரிம் (சர்வோவின் நடுநிலையை நுணுக்கமாகத் திருத்தும் அமைப்பு) இரண்டையும் பூஜ்ஜியமாக்கி, முதலில் ரிமோட்டையும் அப்புறம் காரையும் ஆன் செய்து, ஹார்னை (சர்வோவின் பல் தண்டில் மாட்டும் சிறு கரம்) கழற்றி நேராக மாட்டுங்கள். 25 பல் சர்வோவில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே 14 டிகிரிக்கு மேல் போய்விடும், அதை டிரிம்மில் ஈடுகட்டப் போனால் ஒரு பக்கத் திருப்பம் குறையத்தான் செய்யும். பல்லுக்குள் அடங்காத சின்ன வித்தியாசத்துக்கு மட்டும் சப்-டிரிம்.

பதில் 2:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. காரைக் கையால் தள்ளிவிட்டுப் பாருங்கள். தள்ளும்போது நேராகப் போய், த்ராட்டில் கொடுத்தால் மட்டும் இழுத்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) காரணமில்லை; சேஸிஸ் முறுக்கியிருக்கலாம், இல்லையென்றால் இரண்டு பக்க ஸ்பிரிங் இறுக்கமும் வேறுபட்டிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஹார்ன் ஒரு பல் தள்ளித்தான் இருந்தது! மாட்டியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் தள்ளிவிட்டாலும் இன்னும் லேசாக இடது பக்கம் போகிறது. காலிப்பரில் பார்த்தால் இடது டை ராட் 1.5 மி.மீ. குட்டை.

பதில் 1:
சரி, இப்போது தொடலாம். கண்ணாடி மாதிரி சமமான பரப்பில் பேட்டரியோடு வைத்து, முன்பக்கத்தை இரண்டு முறை அமுக்கிவிட்டு சஸ்பென்ஷன் தானாக உட்கார விடுங்கள். டை ராட் அச்சுக்குப் பின்னால் இருக்கிற கார் என்றால் ராட் குட்டையாகும்போது சக்கரத்தின் முன்முனை வெளியே திரும்பும். உங்கள் இடது சக்கரத்துக்கு அதுதான் நடந்திருக்கிறது. அச்சுக்கு முன்னால் இருந்தால் எல்லாம் தலைகீழ், அதனால் முதலில் குனிந்து பாருங்கள். 3 மி.மீ. மரையில் ராட் எண்டை (பந்து மூட்டில் மாட்டும் கம்பி முனை) ஒரு முழுச் சுற்று சுற்றினால் 0.5 மி.மீ. மாறும், ஆகவே மூன்று சுற்று. பந்திலிருந்து கழற்றித்தான் சுற்ற வேண்டும். டர்ன்பக்கிள் போட்டிருந்தால் ஒரு முனை இடது மரை என்பதால் கழற்றாமலே திருப்பலாம், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். அளவு குச்சியைச் சக்கரத்தின் பக்கவாட்டில் ஒட்டிப் பார்த்தாலே தெரியும்: 65 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் முன்னும் பின்னும் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ ஒரு டிகிரி டோ.

கேள்வி கேட்டவர்:
மூன்று சுற்று சுற்றியாச்சு. டிரிம் பூஜ்ஜியத்தில் மொட்டை மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நேராகப் போகிறது. இனி கேம்பரையும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) பார்க்கணுமா?

பதில் 2:
இரண்டு பேட்டரி ஓட்டிவிட்டு டயரைப் பாருங்கள். உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் நெகடிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) அதிகம், வெளி ஓரம் தேய்ந்தால் போதவில்லை. சீராகத் தேய்ந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.