மூன்று முறை கேஸ் போட்டாச்சு, படுக்கையறை ஏசி மட்டும் ஏன் இப்படி?

மாடிவீடு_கொட்டிவாக்கம்:

வணக்கம். சென்னை கொட்டிவாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். 2021 ஏப்ரலில் ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசி இரண்டு வாங்கினோம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் மாட்டியது. ஹால் ஏசி இன்று வரை ஒரு தொந்தரவும் தரவில்லை. படுக்கையறை ஏசிக்கு மட்டும் 2023 மே, 2024 ஏப்ரல், இந்த வருடம் மார்ச் என்று மூன்று முறை கேஸ் போட்டாச்சு. ஒவ்வொரு முறையும் 3,000 ரூபாய்க்குக் குறையவில்லை. போட்ட புதிதில் போர்வை கேட்கும், சில மாதம் போனால் வெறும் காற்றுதான். வருகிற ஆள் ஒவ்வொருவரும் "கடல் காத்து மேடம், கேஸ் குறையத்தான் செய்யும்" என்று ஒரே பாட்டு.

இப்போது பத்து நாளாக ராத்திரி இரண்டு மணிக்கு மேல் உள்யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சரியாக மாமனார் கட்டிலின் தலைமாட்டில். கீழே ஒரு குண்டான் வைத்திருக்கிறோம், அந்தச் சத்தத்தில் யாருக்கும் தூக்கமில்லை. ஒரு நாள் விடிகாலையில் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே காயிலில் (காற்றைக் குளிர வைக்கிற செப்புக் குழாய் அடுக்கு) ஒரு ஓரமாக வெள்ளையாகப் பனி. ஏசி போட்டதும் முதல் ஐந்து நிமிடம் அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடையும் வரும். பல்லி செத்துக் கிடக்கிறது என்பது மாமியாரின் கட்சி.

கம்பெனி ஆள் கூலிங் காயிலை மாற்றச் சொல்கிறார், கேஸோடு சேர்த்து 13,500. வாரன்டி பத்து வருடம் இருக்கிறதே என்றால் அது கம்ப்ரசருக்கு மட்டுமாம். மாற்றலாமா, இல்லை தலையைச் சுற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாமா?

சும்மாசொல்றேன்:

எறிந்துவிடுங்கள். பீச் பக்கம் நாலு வருடம் ஓடியதே பெரிது. என் தம்பி வீடு பாலவாக்கம், அவுட்டோர் யூனிட்டைத் தொட்டால் ஃபின் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. 13,500 செலவு பண்ணி, அடுத்த வருடம் பிசிபி என்கிற மின்னணு போர்டு போனால் அதற்கு வேறு அழ வேண்டும்.

கேஜ்_மெக்கானிக்:

மேடம், எறிய வேண்டாம். காயிலை உடனே மாற்றவும் வேண்டாம். 1998-ல் விண்டோ ஏசி காலத்தில் இந்த வேலைக்கு வந்தவன் நான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கேஸ். அது ஸ்கூட்டருக்குப் போடுகிற பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்து போவதற்கு. மூடிய செப்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் எத்தனை வருடமாக ஓடுகிறது? அதற்கு வருடா வருடம் யாராவது கேஸ் போட்டார்களா? குறைந்தால் எங்கோ ஓட்டை. அதைத் தேடாமல் மேலே மேலே கேஸ் ஏற்றியவர்களைத்தான் நான் குறை சொல்வேன். கேஸ் ஏற்ற இருபது நிமிடம் போதும், ஓட்டை தேட அரை நாள் ஆகும். சீசனில் ஒரு நாளைக்கு எட்டு வீடு போகிறவன் எதைச் செய்வான்?

அடுத்தது கடல் காற்று. அது தின்னும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் வெளியே நிற்கிற அவுட்டோரைத்தான். உங்கள் ஹால் ஏசியின் அவுட்டோரும் அதே காற்றில்தானே நிற்கிறது? அதற்கு ஒன்றும் ஆகவில்லையே. அப்படியென்றால் இது வேறு விஷயம்.

தண்ணீர் சொட்டுவது தனி நோய் இல்லை. கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதி மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம், அது அங்கே பனியாகப் படியும். காற்றோட்டம் அடைபடும், பனி இன்னும் தடிக்கும். அது உருகும்போது காயிலுக்கு அடியில் இருக்கிற டிரேக்குள் ஒழுங்காக வழியாமல் முன்னால் வந்து கட்டிலில் விழுகிறது. தண்ணீர் வெளியேறுகிற ட்ரெயின் பைப்பை ஊதிவிட்டு 600 ரூபாய் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

இனி அந்த வாடை. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீர்கள், எனக்கு அதுதான் முக்கியம். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, படுக்கையறை ஏசியின் ட்ரெயின் பைப் எங்கே போய் முடிகிறது? இரண்டு, அந்த அறையில் வெள்ளிச் சாமான் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் சீக்கிரம் கறுக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், அடுக்குமாடிகளில் பைப்பை வெளியே இழுக்கச் சோம்பல்பட்டு, பக்கத்து பாத்ரூமின் கழிவுக் குழாயிலேயே செருகிவிடுவார்கள். நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவு இல்லையென்றால் சாக்கடை வாயு நேராக ஏறி ஏசிக்குள் வரும். அதில் இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியையும் கறுக்க வைக்கும், செம்பையும் கறுக்க வைக்கும். நம் ஊரில் காயில் எப்போதும் ஈரம் வேறு. இரண்டும் சேர்ந்தால் குழாய் அரிக்காமல் என்ன செய்யும்?

ஆள் வந்து பாடி கவரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று யூ பெண்டுகளை, அதாவது காயிலின் ஓரத்தில் வளைந்து திரும்புகிற செப்புக் குழாய்களைப் பாருங்கள். பழைய செம்பு பழுப்பாக இருக்கும், அது பரவாயில்லை. அடுப்புக்கரி பூசினாற்போல் இருந்தால் காயில் மாற்றத்தான் வேண்டும். ஓட்டையை மட்டும் பிரேசிங் (பற்றவைப்பு) வைத்து அடைக்கச் சொல்லாதீர்கள், இன்று ஒன்றை அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்துக் குழாயில் ஒன்று வரும்.

ஓட்டை தேடும் டெஸ்ட் நைட்ரஜன் ஏற்றித்தான் செய்ய வேண்டும், 300 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு, அப்புறம் சோப்பு நுரை. ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிற புத்திசாலிகளும் உண்டு. கம்ப்ரசர் ஆயிலோடு அது சேர்ந்தால் வெடிக்கும், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். புதுக் காயில் மாட்டியதும் குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்வம் பம்ப் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். கேஸை எடைத் தராசில் வைத்து, அவுட்டோர் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற கிராம் கணக்குக்கு ஏற்ற வேண்டும், கையால் பைப்பைத் தொட்டுப் பார்த்து "போதும் சார்" என்பது இன்வர்ட்டருக்கு ஆகாது. ஸ்டிக்கரில் ஆர்32 என்று இருந்தால் அது தீப்பிடிக்கக்கூடிய கேஸ், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முத்துநகர்க்காரன்:

எனக்கு ஒரு சந்தேகம் அண்ணே. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் சாக்கடை வாடையெல்லாம் இல்லை. புது வார்ட்ரோப் அடித்த அடுத்த வருடமே உள்காயில் ஓட்டை. பிளைவுட் பசைதான் காரணம் என்றார் மெக்கானிக். நான் நம்பவில்லை, சண்டை போட்டு அனுப்பிவிட்டேன்.

கேஜ்_மெக்கானிக்:

அவரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள் தம்பி. புது மரவேலை, பசை, பெயின்ட் இதிலிருந்தெல்லாம் ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம் ஆவியாக வரும். ஈரச் செம்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத அளவில் எறும்புப் புற்று மாதிரி உள்ளேயே வளைந்து வளைந்து துளைக்கும். மேலே பார்த்தால் குழாய் நன்றாகத்தான் இருக்கும். அது அரிக்கிற விதம் வேறு, மேடம் வீட்டில் வாடை இருப்பதால் நான் சாக்கடையைப் பிடித்தேன்.

மாடிவீடு_கொட்டிவாக்கம்:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அண்ணா, உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

ஹால் ஏசியின் பைப் பால்கனியில் ஒரு வாளிக்குப் போகிறது. படுக்கையறை பைப் சுவருக்குள் நுழைந்து பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கழிவுக் குழாயில் செருகியிருந்தது, சுற்றி ஒயிட் சிமென்ட் பூசி. நாலு வருடமாக யார் தலைதூக்கிப் பார்த்தோம்?

அந்த அறையில் மாமியாரின் வெள்ளிக் குங்குமச்சிமிழ் இருக்கிறது. ஒரே வாரத்தில் கறுத்துவிடும். பூஜையறையில் இருக்கிற விளக்கு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வேலை செய்கிற அக்கா சரியாகத் தேய்ப்பதில்லை என்று இத்தனை நாள் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். நேற்று அவருக்குக் காபி கொடுக்கும்போது மாமியார் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கவரைக் கழற்றியதும் நானே பார்த்தேன். யூ பெண்டெல்லாம் வாணலியின் அடிப்பக்கம் மாதிரி. நைட்ரஜன் ஏற்றி ஒரு மணி நேரத்தில் கேஜ் முள் 300-லிருந்து 260-க்கு இறங்கியது. நுரை இரண்டு இடத்தில் கொப்பளித்தது, ஒன்று சுண்டைக்காய் அளவு, இன்னொன்று கடுகு கடுகாக. காயில் மாற்றியாச்சு. தராசு கொண்டு வரச் சொன்னதற்கு அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் கொண்டு வந்தான். பிளம்பர் 450 ரூபாய் வாங்கிக்கொண்டு பழைய ஓட்டையை அடைத்து, பைப்பைப் பின்பக்க பால்கனிக்கு இழுத்துவிட்டார். வாடை சுத்தமாக இல்லை. பல்லியும் கிடைக்கவில்லை.

ஒரு சந்தேகம். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுக்குள் வாளியில் ஏழெட்டு லிட்டர் சேர்கிறது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. வீட்டு இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்கிறார் மாமனார், ஊற்றலாமா?

கேஜ்_மெக்கானிக்:

பேட்டரிக்கு வேண்டாம் மேடம். பார்க்கத்தான் டிஸ்டில்டு வாட்டர். காயிலில் படிந்த தூசி, அழுக்கு, கொஞ்சம் செம்பு எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி ஊற்றச் சொல்லுங்கள். இது வீடு துடைக்கலாம், பூச்செடிக்கு ஊற்றலாம். நான் என் வீட்டில் பாத்ரூம் கழுவத்தான் பயன்படுத்துகிறேன்.

வாளி நிரம்பி பைப் முனை தண்ணீருக்குள் முங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முங்கினால் தண்ணீர் இறங்காமல் மறுபடி மாமனார் தலைமாட்டுக்கே வரும்.