ஸ்பீட் பெயின்டிங் வீடியோவில் நாம் பார்ப்பது எதை?

கரித்துண்டு:
ஆறு மணி நேரம் வரைந்த படத்தை ஆறு நிமிடத்தில் ஓட்டிக் காட்டுகிறார்கள். அறுபது மடங்கு வேகம். இதைப் பார்த்துவிட்டு "எப்படி வரைகிறார் என்று புரிந்தது" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஐபேடில் வரையும் செயலியான புரோகிரியேட், வரைவதைத் தானாகவே பதிந்து ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸில் ஏதாவது மாறினால்தான் அது பதிவு செய்யும். ஓவியர் பேனாவை வைத்துவிட்டு இருபது நிமிடம் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தால் அந்த இருபது நிமிடம் வீடியோவில் கிடையாது. பாதி வேலை நடப்பதே அப்போதுதான். போதாக்குறைக்கு, முழு நீளம் வேண்டுமா, 30 விநாடி போதுமா என்று வேறு கேட்கிறது.

நீலமை:
கை போகிற வேகத்துக்காக நான் பார்ப்பதில்லை. படம் மனம் மாறுவதைப் பார்க்கிறேன். முதலில் ஒரு சாம்பல் திட்டு. மலையா மிருகமா, ஒன்றும் பிடிபடாது. ஒரு பக்கம் வெளிச்சம் வைத்ததும் அது குனிந்து நிற்கும் ஆள் என்று தெரிகிறது. சட்டென்று கேன்வாஸை இடவலமாகப் புரட்டுகிறார். அதுவரை சரியாகத் தெரிந்த முகம் கோணலாகிவிடுகிறது. தலையை லாஸோ என்ற தேர்வுக் கருவியால் வளைத்து, சின்னதாக்கி, கொஞ்சம் கீழே இறக்குகிறார். பின்னால் நின்ற இன்னொரு உருவம், அதை வரைந்திருந்த லேயரோடு (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள் போன்ற அடுக்கு) போய்விடுகிறது. முடிந்த படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே ஒருவர் நின்றதே தெரியப்போவதில்லை.

பிக்காசோ 1903–04இல் வரைந்த கிதார் வாசிக்கும் முதியவர் ஓவியத்துக்கு அடியில் ஒரு பெண்ணின் உருவம் இருக்கிறது. அதைத் தெளிவாகப் பார்க்க எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. இன்று அப்படி அழிந்துபோகும் உருவங்களை வரைகிறவரே நமக்குக் காட்டுகிறார். இதை எப்படிச் சாதாரணமாக ஒதுக்க முடியும்?

சாம்பல்நிறம்:
நீங்கள் இருவரும் பேசுவது வேறு வேறு வீடியோக்களைப் பற்றி. கேம், சினிமாவுக்குக் கான்செப்ட் ஆர்ட், அதாவது காட்சி எப்படி இருக்க வேண்டும் என்ற முன்மாதிரி ஓவியம், செய்பவர்கள் அரை மணி, ஒரு மணி என்று நேரம் குறித்துக்கொண்டு வரைவார்கள். பெரிய பிரஷ், மூன்று நான்கு டோன் (வெளிச்சம், இருட்டின் அளவு), அவ்வளவுதான்; நுணுக்கம் எதுவும் கிடையாது. அதை வேகமாக ஓட்டாமல் அப்படியே போட்டாலும் உட்கார்ந்து பார்க்கலாம். பல மணி நேர வேலையை ஓட்டிக் காட்டுவது தனி ரகம். கரித்துண்டின் புகார் அதற்குத்தான் பொருந்தும்.

கரித்துண்டு:
சரி, அதைப் பற்றியே பேசுவோம். என் கண்ணில் அதிகம் படுவதும் அதுதான். பிக்காசோ பெயர் வந்ததால் கேட்கிறேன். பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோ 1956இல் அவர் வரைவதை ஒரு முழுநீளப் படமாக எடுத்தார். மை தாளுக்கு மறுபுறம் ஊறிவர, கேமரா அந்தப் பக்கம் இருந்து பதிவு செய்யும். கையே தெரியாது, கோடு மட்டும் தானாக வளரும். அதில் ஒரு கடற்கரைக் காட்சியைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறார், சரியாக வரவில்லை என்று வாய்விட்டே சொல்கிறார். எனக்கு வேண்டியது அந்தப் பேச்சு. நம் வீடியோக்களில் அந்த இடத்தை இசை போட்டு நிரப்பிவிடுகிறார்கள். புதிதாக வரையத் தொடங்குபவர் இதைப் பார்த்தால், தேர்ந்த ஓவியருக்குச் சந்தேகமே வராது என்று நம்பிவிடுவார். தனக்கு வரும்போது மனம் உடைந்துபோவார்.

நீலமை:
அந்தக் கடற்கரை ஓவியத்தையும் நேரத்தைச் சுருக்கித்தானே காட்டினார்கள்? அதற்குக் காரணம் இருக்கிறது. மெதுவாக நடக்கும் மாற்றம் கண்ணுக்கு அகப்படாது. படத்தின் கனம் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு நகர்வதோ, நீலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாவதோ ஆறு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. ஓட்டினால்தான் தெரியும். வேகம் சிலவற்றை மறைக்கிறது என்கிறீர்கள், சரி. இவற்றை வெளியே கொண்டுவருவதும் அதே வேகம்தான்.

பத்தாவதுலேயர்:
நான் கத்துக்கிட்டு இருக்கேன், அதனால சொல்றேன். மனசெல்லாம் உடையல. யூடியூப்ல 0.25 வேகத்துல வெச்சு, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். முதல்ல கறுப்பு வெள்ளைல டோன் எல்லாம் வெச்சுட்டு அப்புறம்தான் கலர் போடுறாங்கன்னு யாரும் சொல்லித் தரல, பார்த்தே புரிஞ்சுது. நிழலுக்கு, கீழ இருக்கிற கலரை இருட்டாக்குற மல்டிப்ளை லேயர் போடுறதும் அப்படித்தான்.

கரித்துண்டு:
தம்பி, அறுபது மடங்கை நாலால் வகுத்தாலும் பதினைந்து மடங்கு மிச்சம் இருக்கிறது. எந்த வரிசையில் செய்கிறார் என்பது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் ஒரு கோட்டை அழுத்தி இழுத்தாரா, தயங்கித் தயங்கி இழுத்தாரா என்பது அதில் தெரியாது. கை பழக வேண்டியது அங்கேதான்.

சாம்பல்நிறம்:
ஓட்டாமல் காட்டினால் மட்டும் யோசனை தெரிந்துவிடுமா? அமெரிக்க ஓவியர் பாப் ராஸ் 1983 முதல் 1994 வரை தொலைக்காட்சியில் அரை மணிக்குள் ஒரு படம் வரைந்து காட்டினார், பேசிக்கொண்டேதான் வரைந்தார். அதே படத்தை முன்கூட்டியே ஒருமுறை வரைந்து, கேமராவில் படாத இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார். நாம் பார்த்தது இரண்டாவது முறை.

நீலமை:
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்த வீடியோக்களை நான் விடாமல் பார்க்க அதுவே காரணம். பல படங்கள் பாதி வழியில்தான் மிக அழகாக இருக்கின்றன. முகம் நான்கைந்து திட்டுகளாக இருக்கும்போது அதில் ஒரு உயிர் இருக்கும். பிறகு கண்ணிமை, முடி, தோல் துளை என்று போய் அது இறுகிவிடும். கடைசிப் பகுதியை நான் பெரும்பாலும் தள்ளிவிடுவேன். அந்த நடுப்படம் வேறெங்கும் மிஞ்சுவதில்லை. ஓவியரே அதன் மேல் வரைந்து மூடிவிட்டார்.

கரித்துண்டு:
இது நான் யோசிக்காத கோணம். ஆனாலும் நடுப்படம் அழகென்று தெரிந்த பிறகும் அவர் ஏன் நிறுத்தவில்லை? அதைக் கேட்கத்தான் எனக்கு அவர் குரல் வேண்டும். பேசிக்கொண்டே, ஓட்டாமல் வரையும் பதிவு யாருக்காவது தெரிந்தால் இங்கே போடுங்கள், எவ்வளவு நீளமானாலும் சரி.

பத்தாவதுலேயர்:
என்கிட்ட ரெண்டு இருக்கு சார். ஒண்ணு மூணு மணி நேரம். ராத்திரி போடுறேன்.