தரைவண்டுக்குக் குழி, இலைவெட்டுக்கிளிக்குக் காது

கோயம்புத்தூர் ஆனைகட்டிப் பக்கம் புதர்க்காட்டு ஓரமாத் தோட்டம் இருந்தா, மழைக்காலத்துல தரைவண்டு, இலைவெட்டுக்கிளி ரெண்டையும் ஒரே ராத்திரியில பார்க்கலாம்ங்க. ஒரே மாதிரி தேடினா ஒண்ணுதான் சிக்கும்.

கறுப்பு உடம்புல ஆறு வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய தரைவண்டு பறக்காது, மேலிறக்கை ரெண்டும் ஒட்டியிருக்கும். தரையிலயே ஓடி வேட்டையாடுறதால குழிப்பொறி போதும். பிளாஸ்டிக் டம்ளர் அடியில நாலு ஓட்டை போட்டு, வாய் மண்மட்டத்துக்குச் சரியா நிக்கிற மாதிரி புதைங்க. விளிம்பு ஒரு நூல் தூக்கலா இருந்தாலும் வண்டு சுத்திக்கிட்டுப் போயிடும். முக்காவாசிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். சுத்தி மூணு கல்லு வெச்சு, அது மேல ஓட்டுச்சில்லை இடைவெளி விட்டு மூடணும். உள்ளே சருகு போடலைன்னா விடியறதுக்குள்ள ஒண்ணை ஒண்ணு தின்னுடும். வெயில் ஏறும் முன்னே பார்த்துட்டு விட்டுடுங்க. முகத்தைக் கிட்ட கொண்டுபோகாதீங்க, பின்பக்கத்துல இருந்து ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். கண்ணுல பட்டா தண்ணி விட்டு அலசிக்கிட்டே இருக்கணும், அப்புறம் டாக்டர்.

காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம இதெல்லாம் வேண்டாம். யானை வேற.

—

அண்ணா, நீங்க சொன்ன அந்த டம்ளரை நம்பி இலைவெட்டுக்கிளிக்குக் காத்திருக்க முடியாதுங்க. அது இலையோட இலையா உட்கார்ந்திருக்கும், டார்ச் அடிச்சாலும் கண்ணு ஏமாந்துடும். சத்தத்தைத்தான் பிடிக்கணும். இடது முன்னிறக்கையில அரம் மாதிரி ஒரு வரிசைப் பல்லு, வலதுல உரசுற விளிம்பு, ரெண்டும் உரசித்தான் அந்தச் சத்தம். கீச்சுக்குரல் எங்கிருந்து வருதுன்னு ஒருத்தரால சொல்ல முடியாது. ரெண்டு பேர் தள்ளித் தள்ளி நின்னு, சத்தம் வர்ற திசைக்கு ஆளுக்கொரு கை நீட்டுங்க. ரெண்டு கோடும் வெட்டிக்கிற கிளையில இருக்கும். கிட்டப் போனதும் பாட்டு நின்னுடும், அசையாம நில்லுங்க. அதுக்குக் காது முன்னங்கால்ல, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே.

பின்னங்காலைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது, காலைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிடும். சாதாரண வெட்டுக்கிளியான்னு சந்தேகம் வந்தா உணர்கொம்பைப் பாருங்க, இதுக்கு உடம்பை விட நீளம். வால்ல வாள் மாதிரி நீட்டிக்கிட்டிருந்தா பொட்டை. கொட்டாது, முட்டை வைக்கிற உறுப்பு அது.

குஞ்சை வளர்க்கிறவங்க பெட்டியோட உயரத்தைக் கவனிங்க. தலைகீழாத் தொங்கித்தான் தோலுரிக்கும், உடம்பு நீளத்துக்கு ரெண்டு மடங்காவது வேணும். இடம் பத்தலைன்னா இறக்கை சுருங்கி அப்படியே இறுகிடும். உரிச்ச தோலை எடுத்துப் போடாதீங்க, அதையே தின்னுக்கும்.