வயிற்றோட்டம் உள்ள பிள்ளையுடன் இரவு ரயில் பயணம்

உப்புவெளி அம்மா:
நாளை இரவு ரயிலில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் செல்ல வேண்டியுள்ளது. நான்கு வயது மகனுக்கு நேற்று மாலையிலிருந்து வயிற்றோட்டம். இரண்டு தடவை வாந்தியும் எடுத்தான். காய்ச்சல் இல்லை, மலத்தில் இரத்தமும் இல்லை. ரயிலில் அடிக்கடி கழிவறைக்குத் தூக்கிச் செல்வது சிரமம் என்பதால், நிறுத்தும் குளிசை ஒன்றைக் கொடுத்துத் தண்ணீரையும் குறைக்கும்படி மாமியார் சொல்கிறார். அவ்வாறு செய்யலாமா?

ஓய்வுபெற்ற தாதி:
இரண்டையும் செய்யாதீர்கள், தங்கச்சி. தண்ணீரைக் குறைப்பதால் வயிற்றோட்டம் நிற்காது. உடலிலுள்ள நீரும் உப்பும்தான் இன்னும் வற்றும். நிறுத்தும் குளிசையான லோபெரமைட் இந்த வயதுப் பிள்ளைக்கு நாமாகக் கொடுக்கும் மருந்தன்று. பாமசியில் ஜீவனி எனும் உப்பு-சீனிக் கரைசல் தூள் பொதியை வாங்கி, பொதியில் எழுதியுள்ள அளவுக் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். ஒரு லீற்றருக்கான பொதியை அரை லீற்றர் போத்தலில் கொட்டிக் குலுக்குவது பயணிகளிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம். அப்போது உப்பின் செறிவு இருமடங்காவதால் அது பிள்ளைக்குத் தீங்கு. வயிற்றால் போகும் ஒவ்வொரு தடவைக்கும் 100 முதல் 200 மில்லிலீற்றர் வரை கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பின்னர் கரண்டி கரண்டியாகப் பருக்குங்கள். கரைத்து 24 மணித்தியாலம் கடந்ததை ஊற்றிவிட வேண்டும்.

நிலாவெளி வாசகன்:
ஜீவனியின் சுவை பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. வீதியோரம் எங்கும் கிடைக்கும் செவ்விளநீர் போதாதா?

ஓய்வுபெற்ற தாதி:
செவ்விளநீரில் பொட்டாசியம் தாராளம், ஆனால் வயிற்றோட்டத்தில் அதிகம் இழக்கும் சோடியம் குறைவு. ஆகவே இடையிடையே கொடுக்கலாம். ஜீவனிக்குப் பதிலாக வேண்டாம். சோடா, பெட்டிப் பழச்சாறு ஆகியவற்றின் மிகையான சீனி குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகரிக்கும். பொதி கிடைக்காத இடத்தில் ஒரு லீற்றர் சுத்தமான நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பைக் கைக்கணக்கில் போடாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு உலக சுகாதார நிறுவனம் சிங்க் மருந்தையும் பரிந்துரைப்பதால், அதை வைத்தியரிடம் கேளுங்கள்.

உப்புவெளி அம்மா:
நன்றி அக்கா. சாப்பாட்டை நிறுத்த வேண்டுமா? பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லதா?

ஓய்வுபெற்ற தாதி:
பட்டினி போடாதீர்கள், கஞ்சி, இடியப்பம், வாழைப்பழம் என அவன் கேட்பதைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். நாளை பிற்பகல் அவன் வழமைபோல் சலம் கழித்து, விளையாடி, குடிப்பதும் வயிற்றில் தங்கினால் புறப்படலாம். கண் குழிவிழுதல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல், பல மணித்தியாலம் சலம் போகாமை, குடிக்க மறுத்தல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயணத்தை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; வாகன வசதி இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.